யார் யாரோ போன் செய்கிறார்கள்: 2004 எழும்பூர் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒருவருடைய பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி, வேலை பார்க்கும் இடம் போன்றவற்றை அவர் சம்மதமின்றி இணையத்தில் போட்டு, முன்பின் தெரியாதவர்களை அவர்மேல் ஏவிவிடுவதை இன்று டாக்சிங் என்கிறோம். இந்தச் சொல் நம் காவல் நிலையங்களுக்கு வந்துசேரும் முன்பே அந்தச் செயல் வந்துவிட்டது. சென்னை சைபர் குற்றப் பிரிவு விசாரித்து, எழும்பூர் தலைமைப் பெருநகரக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் 2004 நவம்பர் 5ஆம் தேதி தண்டனையில் முடிந்த வழக்கு ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 67ஆவது பிரிவில் கிடைத்த முதல் தண்டனையாக இது பரவலாகச் சொல்லப்படுகிறது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை.

இந்த வழக்கை வழக்கமாக அதன் வேகத்துக்காகப் பாராட்டுவார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகி எட்டு, ஒன்பது மாதங்களுக்குள் தீர்ப்பு என்பது பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று படித்தால் வேறொன்று கண்ணில் படும். அவருடைய நிம்மதியைக் கெடுத்தவை தொலைபேசி அழைப்புகள். நீதிமன்றத்தால் தண்டிக்க முடிந்ததோ பதிவின் ஆபாசத்தையும் போலித்தனத்தையும்தான். அவரை எப்படித் தொடர்பு கொள்ளலாம் என்று ஊருக்குச் சொன்னது அன்றைய சட்டத்தில் தனிக் குற்றமே இல்லை. இருபது ஆண்டுகள் கழித்தும் அந்த இடைவெளி பாதிதான் அடைபட்டிருக்கிறது.

பின்னணி

புகார் கொடுத்தவர் விவாகரத்தான பெண். குற்றம் சாட்டப்பட்டவர் முகம் தெரியாத ஆள் இல்லை, குடும்பத்துக்கு அறிமுகமான நண்பர், மும்பையில் இருந்தவர். அந்தப் பெண்ணை மணக்க விரும்பியவர் என்று வழக்குப் பதிவுகள் சொல்கின்றன. பெண் வேறொருவரை மணந்தார். அந்தத் திருமணம் முறிந்தது. அதன் பிறகு அவர் மீண்டும் தொடர்பு கொள்ளத் தொடங்கினார். பெண் இசையவில்லை. அதற்குப் பின்தான் இணையம் ஆயுதமானது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாக்சிங் என்றதும் தரவுத் திருட்டு, ஹேக்கிங் என்றெல்லாம் தோன்றும். இந்த வகை வழக்குகளில் பெரும்பாலும் விவரங்களை யாரும் திருடுவதில்லை. பெயரும் எண்ணும் பழக்கத்தில், நம்பிக்கையில், பாதிக்கப்பட்டவரே கொடுத்தவை. 'எப்படி எடுத்தான்' என்று தேடும் சட்டத்தின் கையில் இவர்கள் சிக்குவதில்லை. 'யாரைக் கேட்டு வெளியிட்டாய்' என்று கேட்கும் சட்டம்தான் இங்கே உதவும்.

2004 பிப்ரவரி: என்ன நடந்தது

யாகூ நிறுவனத்தின் மெசேஜ் குரூப் ஒன்றில் அந்தப் பெண்ணைப் பற்றி ஆபாசமான, அவதூறான, தொல்லை தரும் பதிவுகள் வந்தன. பெண்ணின் பெயரிலேயே ஒரு போலி மின்னஞ்சல் கணக்கு திறக்கப்பட்டு, அதன் வழியாகவும் அஞ்சல்கள் அனுப்பப்பட்டன. பதிவைப் பார்த்தவர்கள், அந்தப் பெண் தானாகவே அழைப்பு விடுக்கிறார் என்று நம்பி அவருக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினார்கள்.

தொல்லை இரண்டு அடுக்காக வருகிறது. முதல் அடுக்கு, பதிவைப் போட்டவர், அவர் ஒருவர்தான். இரண்டாவது அடுக்கு, அழைத்தவர்கள். எத்தனை பேர் என்று எண்ண முடியாது. பெண் அழைக்கிறார் என்று நம்பி வந்தவர்களை மிரட்டல் குற்றத்தில் நிறுத்துவதும் கடினம். பெண் பெயரில் போலிக் கணக்கு திறப்பதன் தந்திரம் இதுதான்: தொல்லை கொடுக்கும் வேலையை விவரம் அறியாத மூன்றாம் மனிதர்கள் செய்துவிடுகிறார்கள், செய்யவைத்தவர் திரைக்குப் பின்னால் நிற்கிறார். ஆகவே விசாரணையின் முழு எடையும் முதல் ஆளைக் கண்டுபிடிப்பதில்தான் விழும்.

எடுத்த முடிவு ஒன்று: எந்தப் பிரிவு

புகார் வந்த சில நாட்களுக்குள் காவல்துறை அந்த நபரை மும்பையில் கண்டுபிடித்துக் கைது செய்தது. 2004 மார்ச் 24 அன்று குற்றப்பத்திரிகை தாக்கலானது. மூன்று பிரிவுகள்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, இந்திய தண்டனைச் சட்டம் 469, 509.

ஏன் இந்த மூன்று? 67, மின்னணு வடிவில் ஆபாசத்தை வெளியிடுவது. 469, நற்பெயருக்குக் கேடு விளைவிக்கும் நோக்கத்தில் பொய்யாவணம் உண்டாக்குவது. பெண் எழுதியதுபோல் இன்னொருவர் எழுதிய அஞ்சல் பொய்யான மின்னணு ஆவணம் என்ற அடிப்படையில் இது நிற்கும். 509, பெண்ணின் மானத்துக்கு இழுக்கு ஏற்படுத்தும் நோக்கத்தில் சொல், சைகை, செயல். அன்றைக்குக் கையில் இருந்த சட்டம் இவ்வளவுதான். பின்தொடர்தல் குற்றமான 354டி, 2013இல்தான் சேர்ந்தது. ஆள்மாறாட்டத்துக்கான 66சி, 66டி பிரிவுகள் 2008 திருத்தத்தில் வந்து, 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தவை.

இந்த மூன்று பிரிவுகளையும் ஒருமுறை உரசிப் பாருங்கள். பதிவில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல், 'இவர் இன்னார், இந்த எண்ணில் கிடைப்பார், இங்கே வேலை செய்கிறார்' என்று அந்த நபர் சொந்தக் கணக்கிலேயே எழுதியிருந்தால்? ஆபாசம் இல்லாததால் 67 விழுந்துவிடும். போலிக் கணக்கு இல்லாததால் 469 விழுந்துவிடும். சொல்லில் இழிவு இல்லை என்று வாதாடினால் 509உம் தள்ளாடும். பெண்ணுக்கு வரும் அழைப்புகள் மட்டும் அப்படியே வந்துகொண்டிருக்கும். அவதூறு வழக்கும் அதற்கு ஒத்துவராது. எண் உண்மை, பெயர் உண்மை, வேலையிடம் உண்மை. உண்மையான விவரத்தை வெளியிடுவதே தீங்காகும் இடத்தில், பொய்யைத் தண்டிக்கும் சட்டம் பொருந்தாது.

எடுத்த முடிவு இரண்டு: சான்று

அரசுத் தரப்பு 18 சாட்சிகளையும் 34 ஆவணங்கள் மற்றும் பொருட்களையும் பட்டியலிட்டது. 12 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். சென்னை சைபர் குற்றப் பிரிவிலிருந்து விசாரணைக்குப் போன முதல் வழக்கு இது என்பதால் தவறு செய்ய இடமில்லாத நிலை.

எதிர்த்தரப்பின் வாதம் இரண்டு முனை. ஒன்று: இந்த அஞ்சல்களைப் பெண்ணின் முன்னாள் கணவர் அனுப்பியிருக்கலாம், அல்லது பெண்ணே அனுப்பியிருக்கலாம், தன்னை மணக்கச் சொல்லி அவர் கேட்டதைக் குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்ததால் அவரைச் சிக்கவைக்கிறார். இரண்டு: மின்னணு ஆவணங்கள் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி ஏற்கத் தக்கவை அல்ல.

முதல் வாதம் இந்த வகை வழக்குகளில் தவறாமல் வரும். கணக்கு பெண்ணின் பெயரில் இருக்கிறது, ஆகவே பெண்தான் போட்டார் என்று சொல்வது எளிது. அதை உடைக்க ஒரே வழி, பதிவு போன நேரத்தில் விசைப்பலகைக்கு முன் உட்கார்ந்திருந்தது யார் என்று காட்டுவது. மின்னஞ்சல் தலைப்பிலோ தளத்தின் பதிவேட்டிலோ இருக்கும் ஐபி எண் ஒரு இணைய இணைப்பைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. அந்த இணைப்பு பிரவுசிங் சென்டருடையது என்றால் அந்த மணிக்கு அங்கே வந்தவர் யார் என்று நிரூபிக்க வேண்டும். இந்த வழக்கில் பிரவுசிங் சென்டர் உரிமையாளர்கள் சாட்சி சொன்னார்கள். நீதிமன்றம் அதையும் நிபுணர் சாட்சியத்தையும் சேர்த்து வைத்துக் குற்றம் ஐயமற நிரூபிக்கப்பட்டதாக முடிவுக்கு வந்தது. வந்தவரின் அடையாளத்தைச் சரிபார்த்து, பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்ற மத்திய விதிகள் 2011இல்தான் வந்தன. 2004இல் உரிமையாளர்களின் சாட்சியம் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

இதில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தளத்தின் பதிவேடு பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. இதைக் கூட்டாமல் இணையச் சேவை நிறுவனத்திடம் 'இந்த நேரத்தில் இந்த ஐபி யாரிடம் இருந்தது' என்று கேட்டால் முற்றிலும் வேறொருவர் பெயர் வரும். பாதிக்கப்பட்டவரும் தாம் எடுக்கும் குறிப்பில் 'இந்திய நேரம்' என்று எழுதிவைப்பது நல்லது.

இரண்டாவது வாதம், 65பி. கணினியிலிருந்து எடுத்த அச்சுப்படி ஏற்கப்பட வேண்டுமானால், அது எந்தக் கணினியில், எப்படி எடுக்கப்பட்டது என்ற சான்றிதழ் வேண்டும் என்பது இந்தப் பிரிவு. அதன் பின் உச்ச நீதிமன்றம் இதில் முன்னும் பின்னும் நகர்ந்தது: 2005இல் சான்றிதழ் இல்லாமலும் வேறு வழியில் நிரூபிக்கலாம் என்றது, 2014இல் கட்டாயம் என்றது, 2020இல் அதையே உறுதி செய்தது. இன்று 65பி இல்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63(4) அந்த இடத்தில் இருக்கிறது. இப்போது சான்றிதழுக்கு இரண்டு பாகங்கள்: ஒன்றைக் கருவியைக் கையாண்டவர் நிரப்ப வேண்டும், மற்றதை நிபுணர். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீட்டையும், எழுத வேண்டும். எந்தக் கைப்பேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோமோ அதை விற்றுவிட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தீர்ப்பு

குற்றம் சாட்டப்பட்டவர் மூன்று பிரிவுகளிலும் குற்றவாளி. 469இல் 2 ஆண்டு கடுங்காவல், 500 ரூபாய் அபராதம். 509இல் 1 ஆண்டு சாதாரணச் சிறை, 500 ரூபாய். 67இல் 2 ஆண்டு கடுங்காவல், 4,000 ரூபாய். மூன்றும் ஏககாலத்தில். அபராதத்தைக் கட்டினார், சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்.

509இல் விதித்த ஓராண்டு, அன்றைய உச்சபட்சத் தண்டனை. 2013 திருத்தத்தில்தான் அது மூன்றாண்டாக உயர்ந்தது. 67க்கு அன்று முதல் குற்றத்துக்கு 5 ஆண்டு வரை விதிக்கலாம். இப்போது அது 3 ஆண்டு. ஆனால் அபராத உச்சவரம்பு 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக ஏறியிருக்கிறது.

மொத்த அபராதம் 5,000 ரூபாய். பாதிக்கப்பட்டவரின் எண்ணைப் பார்த்தவர்கள் அதை மறந்துவிட வேண்டும் என்று எந்தத் தீர்ப்பாலும் சொல்ல முடியாது. குற்றவியல் வழக்கு ஆளைத் தண்டிக்கும். பதிவை இறக்குவதும் இழப்பை ஈடுகட்டுவதும் வேறு கதவுகள். 2004இல் அந்தக் கதவுகளில் பல இல்லவே இல்லை.

இதே செயல் இன்று நடந்தால்

எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பதிவைக் கண்டதும் பதற்றத்தில் முதலில் தளத்திடம் புகார் செய்து நீக்கவைத்துவிடுகிறார்கள். பதிவு போய்விடும், சான்றும் அதோடு போய்விடும். முதலில் சேகரிப்பு, பிறகு காவல் புகார், அதே நாளில் தளத்துக்குப் புகார் என்பதே சரியான வரிசை.

சேகரிப்பில் பதிவின் படம் மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட பதிவின் முழு இணைப்பு முகவரி வேண்டும். கணக்கின் முகப்புப் பக்க முகவரி அதற்கு ஈடாகாது. கணக்கின் பயனர்பெயரை நொடியில் மாற்றிவிடலாம் என்பதால், முகப்புப் பக்கத்தையும் தனியாகப் பிடித்துவைக்க வேண்டும். தேதியும் நேரமும் தெரியும்படி, திரையை வெட்டாமல் எடுக்க வேண்டும். அசல் கோப்பைத் திருத்தாமல், இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். அழைப்புப் பட்டியலை அழிக்கக் கூடாது. அழைத்தவர்களில் ஒருவராவது 'எண்ணை இன்ன இடத்தில் பார்த்தேன்' என்று குறுஞ்செய்தியில் சொன்னால் அது பொன் போன்ற சான்று: பதிவுக்கும் தொல்லைக்கும் இடையிலான கண்ணி அதுதான். தொந்தரவு செய்தவரைத் திட்டி அனுப்பிவிடாமல், எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு வரி எழுத்தில் கேட்பது பலன் தரும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. கோபத்தில் எதிராளியின் எண்ணையும் படத்தையும் வெளியிடுவது. அடுத்த வாரம் இரண்டு புகார்களும் ஒரே மேசையில் இருக்கும், புகார்தாரரும் எதிரியாகிவிடுவார்.

காவல் புகாருக்கு எல்லைத் தகராறு ஒரு தடையாக இருக்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(1) படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியில் கொடுத்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். அதை மறந்தால் புகார் பதிவாகாமலே நிற்கும். மறுத்தால் 173(4) படி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் நடுவரிடம் மனு. தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெயர் சொல்லாமல் புகார் செய்யும் வசதி இருக்கிறது. அப்படிச் செய்தால் புகாரின் நிலையைப் பின்தொடர முடியாது. தன் மீதே நடந்த குற்றத்துக்குப் பெயரோடு கொடுப்பதே நல்லது. 1930 என்ற உதவி எண் பண மோசடிக்காக ஏற்பட்டது. டாக்சிங்குக்கு அதில் நேரத்தை இழக்க வேண்டாம்.

சட்டப் பிரிவுகளின் எண்கள் மாறியிருக்கின்றன. 469இன் இடத்தில், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336(4), 509இன் இடத்தில் 79, பின்தொடர்தலுக்கு 78, மிரட்டலுக்கு 351. பெயரை மறைத்து மிரட்டினால் 351(4) படி கூடுதல் தண்டனை. போலிக் கணக்கு என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி. புகாரில் 'என்னை அவமானப்படுத்தினார்' என்று மட்டும் எழுதினால் அவதூறு என்று சொல்லி, நேரே நீதிமன்றம் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். எத்தனை அழைப்புகள், எந்தெந்த நாள், யாராவது வீட்டு வாசலுக்கு வந்தார்களா, எந்தக் கணக்கு யார் பெயரில் என்று செயல்களாக எழுத வேண்டும்.

காலமும் ஓடும். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, நீக்கப்பட்ட பதிவையும் மூடப்பட்ட கணக்கின் பதிவு விவரங்களையும் தளங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து விழித்துக்கொண்டால் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

தளத்திடம் புகார் செய்யும்போது எந்த வகையைத் தேர்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். 'தனியுரிமை மீறல்' என்று போட்டால், இது பொதுத் தகவல்தானே என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். கணக்கு பாதிக்கப்பட்டவர் பெயரில் இருந்தால் 'ஆள்மாறாட்டம்' என்றே போட வேண்டும். 2021 விதி 3(2)(பி), ஆள்மாறாட்டத்துக்கும் அந்தரங்கப் படங்களுக்கும் தனி வேகப்பாதை வைத்திருக்கிறது. விதி வந்தபோது 24 மணி நேரம் என்று கெடு வைத்தார்கள். எழும்பூர் வழக்கின் போலி மின்னஞ்சல் கணக்கு போன்ற ஒன்று இன்று இந்தப் பாதையில் வரும். குறைதீர்ப்பு அதிகாரியின் பதில் திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம்.

உரிமையியல் கதவு

தனியுரிமைக்காக வழக்குத் தொடுக்கலாம் என்பதற்கு அடித்தளம் தமிழ்நாட்டிலிருந்தே போனது. ஒரு கைதியின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட முயன்ற தமிழ் இதழ் ஒன்றின் வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சொந்த வாழ்வைப் பற்றிச் சம்மதமின்றி வெளியிட்டால் நட்டஈட்டுக்குப் பொறுப்பாவார்கள் என்றது. பொதுப் பதிவில் உள்ளவற்றுக்கு விலக்கும் வைத்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது.

ஆள் யாரென்று தெரியாமலே வழக்குப் போடலாம். வெளிநாட்டில் 'ஜான் டோ' என்பதை நம் நீதிமன்றங்கள் 'அசோக்குமார்' என்று எழுதும். எத்தனை அசோக்குமார்கள் இதனால் சங்கடப்படுகிறார்களோ தெரியாது. அந்த முகமறியாப் பிரதிவாதியோடு தளத்தையும் சேர்த்து, பதிவை இறக்கவும் கணக்கின் விவரத்தைத் தரவும் இடைக்கால உத்தரவு கேட்பது நடைமுறை. நட்டஈடு கேட்டால் தமிழ்நாட்டில் கேட்கும் தொகைக்கு 3 விழுக்காடு நீதிமன்றக் கட்டணம். ஆகவே தடையாணையை முதலில் குறிவைத்து, தொகையை அளவாக வைப்பது புத்திசாலித்தனம்.

இந்தப் பாதையின் முட்டுக்கட்டை, 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தெரிந்தது. எக்ஸ் தளத்தில் ஒரு பெண் சொன்ன அரசியல் கருத்துக்குப் பதிலடியாக அவருடைய படம், வேலையிடம் முதலியவற்றைச் சிலர் வெளியிட்டார்கள். டாக்சிங் இந்தியச் சட்டத்தில் தனிக் குற்றமாக வரையறுக்கப்படவில்லை என்றும், தடையின்றி விட்டால் தனியுரிமை மீறலாக முடியலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது. கணக்குகளின் அடிப்படை விவரங்களைத் தளம் தர வேண்டும் என்றது. ஆனால் அந்த விவரங்களில் சில ஏற்கெனவே பொதுவெளியில் இருந்தவை என்பதும் அந்தப் பெண்ணுக்கு எதிராக எடைபோடப்பட்டது. வேலை தேடுவதற்காக ஒருவர் தானே போட்ட படமும் பதவியும், அவரை வேட்டையாடுவதற்கான அனுமதிச் சீட்டாகிவிடுமா என்ற கேள்விக்கு நம் சட்டத்தில் நேரடிப் பதில் இல்லை. 2023 மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது: தானே பொதுவில் வைத்த தரவுக்கு அது பொருந்தாது, தனி ஒருவர் சொந்தக் காரியத்துக்காகக் கையாள்வதற்கும் பொருந்தாது, விதிக்கும் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு வராது.

என்ன மாற வேண்டும்

ஒப்பிட ஓர் ஊர் இருக்கிறது. ஹாங்காங்கில் பழைய சட்டம், தரவை வைத்திருந்த நிறுவனத்தின் சம்மதமின்றி எடுத்து வெளியிட்டால்தான் குற்றம் என்றது. 2021 அக்டோபர் 8 முதல் அதை மாற்றினார்கள்: தரவுக்குரியவரின் சம்மதமின்றி, தொல்லை விளைவிக்கும் நோக்கத்துடனோ விளைவைப் பற்றிக் கவலையின்றியோ வெளியிட்டாலே குற்றம், 2 ஆண்டு வரை சிறை. உண்மையில் தீங்கு நேர்ந்தால் 5 ஆண்டு வரை. பதினொரு நாள்தான் கடந்திருந்தது. ஒருவர் தன் முன்னாள் காதலியின் பெயர், படம், முகவரி, எண்களை நான்கு சமூக ஊடகங்களில் போட்டு, அவர் பெயரில் கணக்குகள் திறந்து, வீட்டுக்கு வரலாம் என்று அந்நியர்களை அழைத்தார். 2022 டிசம்பரில் ஏழு குற்றச்சாட்டுகளுக்கு 8 மாதச் சிறை. எழும்பூர் வழக்கின் அச்சு அசலான மறுபதிப்பு. ஒரே வேறுபாடு, அரசுத் தரப்பு அங்கே ஆபாசத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சட்டத்தை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்வதில் தயக்கமும் உண்டு. 2019 போராட்டக் காலத்தில் காவல்துறையினரின் விவரங்கள் வெளியானதுதான் அங்கே அதற்கு உந்துதல். அங்கே தனியுரிமை ஆணையருக்குக் கிடைத்த தேடுதல், கைது, நீக்கல் அதிகாரங்கள் அகலமானவை. பெரிய இணைய நிறுவனங்களின் கூட்டமைப்பு எதிர்த்துக் கடிதம் எழுதியது. சிங்கப்பூர் வேறு வழியில் போனது: தொல்லைக்கு எதிரான சட்டத்தில் 2020 முதல் அடையாள விவரம் வெளியிடுவதைச் சேர்த்து, 2021இல் அதற்கென ஒரு நீதிமன்றத்தையும் வைத்தது. பாதுகாப்பு ஆணை விரைவாகக் கிடைப்பதே அதன் பலம். பாதிக்கப்பட்டவருக்கு எட்டு மாதச் சிறையைவிட எட்டு மணி நேரத்தில் பதிவு இறங்குவது பெரிது என்பதால், நமக்கு இரண்டாவது வழியே நெருக்கம் என்று தோன்றுகிறது.

இந்தியச் சட்டத்தில் இதற்கு முன்னுதாரணமே இல்லை என்று சொல்ல முடியாது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 72 படி 2 ஆண்டு வரை சிறை. அங்கே யாரும், 'பெயர் உண்மைதானே', 'ஊருக்கே தெரியுமே' என்று வாதாட முடியாது. வெளியிட்டதே குற்றம். எழும்பூரில் புகார் கொடுத்த பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தவில்லை; அவர் வழக்கு பாடப்புத்தகங்களுக்குப் போனது, அதோடு அவரைப் பற்றிய விவரங்களும் போயின. குற்றவாளியின் பெயரிலேயே வழக்கு அழைக்கப்படுவதால், விவாகரத்தானவர், குடும்ப நண்பர், மறுத்தவர் என்ற குறிப்புகளைச் சேர்த்தால் தெரிந்தவர்களுக்கு ஆளைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. இன்று டாக்சிங் வழக்குத் தொடுப்பவர், முதல் விசாரணை நாளிலேயே தன் பெயரைத் தீர்ப்பிலும் இணையத்தில் ஏற்றும் உத்தரவுகளிலும் மறைக்கக் கோரி ஒரு மனுவைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பல உயர் நீதிமன்றங்கள் இதை ஏற்றிருக்கின்றன, கேட்காமல் கிடைப்பதில்லை.